மதிப்பூதியம் என்னும் வெட்டி வேலை

(திண்டுக்கல்லில் கௌரவ விரிவுரையாளர்களும் பகுதி நேர ஆசிரியர்களும் கூடிய அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



எம்.ஃபில். முடித்த வருடம் ஒரு கல்லூரியில் பாடம் எடுத்தேன். பெயர் வேண்டாம். இந்த அரங்கில் பாதிப் பேர் அதே மாதிரி ஒரு கல்லூரியில்தான் இப்போதும் இருக்கிறீர்கள். முதல் மூன்று மாதம் சம்பளம் வரவில்லை. கேட்டால், "பில் போட்டாச்சு, வரும்" என்பார்கள். அம்மா அப்போது நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அவருக்கும் கூலி தாமதமாகத்தான் வரும். ஆனால் எத்தனை நாளுக்கு எத்தனை ரூபாய் வர வேண்டும் என்பது அவருக்குத் தெரியும், அட்டையில் எழுதியிருக்கும். எனக்கு அதுகூடத் தெரியாது. ஒருநாள் காலையில் நான் புடவையில் பின் குத்திக்கொண்டு கிளம்பும்போது கேட்டார்: "ஏத்தா, நீ வேலைக்குப் போறியா, வேண்டுதலுக்குப் போறியா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். நாம் செய்வது வேலையா, வேண்டுதலா?

முதலில் நமக்கு வைத்திருக்கும் பெயர்களைப் பாருங்கள். கௌரவ விரிவுரையாளர். பகுதி நேர ஆசிரியர். தன்னார்வலர். வாங்குவது சம்பளம் இல்லை, மதிப்பூதியம். இத்தனை பெயர்களில் 'தொழிலாளி' என்ற சொல் எங்கேயும் இல்லை. அது தற்செயல் இல்லை.

பகுதி நேர ஆசிரியர்களின் கதை உங்களுக்குத் தெரியும். 2012இல் அனைவருக்கும் கல்வித் திட்டத்தில் 16,549 பேர் எடுக்கப்பட்டார்கள். ஓவியம், தையல், இசை, உடற்கல்வி, கணினி போன்ற பாடங்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள், மாதம் 5,000 ரூபாய், மே மாதம் சம்பளம் கிடையாது. 5,000 ரூபாய் 12,500 ஆக 2024 வரை ஆனது. பன்னிரண்டு வருடம். 2021 தேர்தல் அறிக்கையில் 181ஆவது வாக்குறுதியாக இவர்களைப் பணிநிரந்தரம் செய்வோம் என்று தி.மு.க. எழுதிக் கொடுத்தது. அந்த 181 என்ற எண்ணை அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு எத்தனை முறை சென்னைக்குப் பஸ் ஏறினீர்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு வருவோம். 2019 ஜனவரியில் பல்கலைக்கழக மானியக் குழு ஒரு விதி போட்டது: கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 ரூபாய். தமிழ்நாட்டில் 15,000, 20,000, 25,000 என்று படிப்படியாகத்தான் ஏறியது. அதுவும் பதினோரு மாதத்துக்கு. இரண்டாம் சுழற்சி வகுப்புகளை ஓட்டுவது யார், விடைத்தாள் திருத்துவது யார், சேர்க்கைப் பணியில் உட்காருவது யார்? நாம்தான். பன்னிரண்டாவது மாதம் மட்டும் நாம் யாரும் இல்லை.

2021இல் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. பெரும்பாலும் பெண்கள், மாதம் 1,000 ரூபாய், தன்னார்வலர் என்று பெயர். 2022இல் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக 13,331 தற்காலிக ஆசிரியர்களை எடுக்கச் சொன்னார்கள். இடைநிலைக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000. படிப்பும் பாடமும் ஒன்றுதான், வகுப்பறையும் பிள்ளைகளும் அவர்களேதான். ஆனால் பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்குக் காலமுறை ஊதியம், நமக்கு மதிப்பு.

இவற்றைவிட மோசமான ஒரு நிலை இருக்கிறது. சம்பளமே இல்லாமல் வேலை செய்வது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் நிர்வாகம் நியமித்துவிடும், கல்வித் துறை ஒப்புதல் தர வேண்டும். அந்தக் கோப்பு நகராத வரை அந்த ஆசிரியருக்கு அரசுச் சம்பளம் கிடையாது. பணியிடம் உபரி, தகுதித் தேர்வு, வழக்கு என்று ஒவ்வொரு காரணம். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கும், வங்கிக் கணக்கில் எதுவும் இருக்காது. ஒப்புதல் வந்ததும் நிலுவையோடு மொத்தமாக வந்துவிடும் என்று சொல்லிச் சொல்லியே வருடங்கள் போகும்.

இது தமிழ்நாட்டின் நோய் மட்டுமில்லை. மகாராஷ்டிராவில் 2001க்குப் பிறகு 'நிரந்தரமாக மானியம் இல்லாத பள்ளிகள்' என்றே ஒரு வகையை உருவாக்கினார்கள். கிராமங்களில் பள்ளி திறந்தது, ஆசிரியர் சேர்ந்தார், மானியம் வரும் என்று காத்திருந்தார். 2009இல் அந்த 'நிரந்தரமாக' என்ற சொல்லை மட்டும் எடுத்தார்கள். மானியம் வரவில்லை. 2016க்குப் பிறகுதான் இருபது விழுக்காடு என்று துண்டு துண்டாகத் தரத் தொடங்கினார்கள். பத்து, பதினைந்து வருடம் சம்பளமில்லாமல் பாடம் நடத்தியவர்கள் மும்பை ஆசாத் மைதானத்தில் மழையில் உட்கார்ந்தார்கள். சாவித்ரிபாய் பூலே பள்ளி திறந்த மண்ணில் நடந்தது இது.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்த 'மொத்தமாக வரும்' என்ற பேச்சு புதிதா? வேடசந்தூர் பக்கம் நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று நடந்ததே. மூன்று வருடம் ஹாஸ்டலில் தங்கி வேலை செய், முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை. நடுவில் உடம்பு முடியாமல் போனால் அந்தத் தொகை இல்லை. உழைப்பை இன்று வாங்கிக்கொண்டு கூலியைக் கனவாகக் கொடுக்கும் ஏற்பாடு அது. நமக்குச் சொல்லப்படும் பணிநிரந்தரமும் அப்படித்தான் ஆகியிருக்கிறது. அங்கே கழுத்தில் ஏறும் தாலி, இங்கே கையில் வரும் ஆணை. இரண்டுக்காகவும் காத்திருப்பவர்கள் ஒரே தெருவில்தான் இருக்கிறார்கள். அக்கா மில்லுக்குப் போனார், தங்கை எம்.ஏ., பி.எட். படித்தார்.

ஆசிரியப் பணி சேவை, அதற்குக் காசு பேசக் கூடாது என்பார்கள். இந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்று வரலாற்றைப் பார்ப்போம். விழுப்புரம் மாவட்டத்தில் எண்ணாயிரம் என்ற ஊர் இருக்கிறது. முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு அங்கே ஒரு வேதக் கல்லூரியைப் பற்றிப் பேசுகிறது. வேதமும் இலக்கணமும் கற்பித்தவர்களுக்கு நாள்தோறும் இத்தனை நெல் என்று அளந்து எழுதியிருக்கிறார்கள். பொன்னும் உண்டு. அதற்கென்றே நிலம் ஒதுக்கினார்கள். பார்ப்பனர் கற்பித்த காலத்தில் கற்பித்தல் சேவையாக இருக்கவில்லை. ஊதியம் கல்லில் வெட்டிய உரிமையாக இருந்தது.

அதே சோழர் காலக் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் இன்னொரு சொல் 'வெட்டி'. கூலி இல்லாமல் செய்தாக வேண்டிய உழைப்பு என்று பொருள். அந்தச் சுமை பின்னாளில் யார் தலையில் நிலைத்தது என்பதை 'வெட்டியான்' என்ற சொல்லே சொல்லும். ஆக, ஒருவருக்குக் கல்லில் எழுதிய ஊதியம், இன்னொருவருக்குக் கூலியில்லாக் கடமை. வேலையின் தன்மை இதை முடிவு செய்யவில்லை, வேலை செய்தவரின் பிறப்புதான் முடிவு செய்தது.

அண்ணல் அம்பேத்கர் இதை நன்றாக அறிந்திருந்தார். மகர்களுக்கு 'வதன்' என்ற பெயரில் துளி நிலம் கொடுத்து, ஊரின் எல்லா வேலைக்கும் எந்நேரமும் கூப்பிடுவார்கள். வதன்தார் என்றால் பரம்பரைப் பதவிக்காரர், அது ஒரு பெருமை என்று சொல்லியும் வைத்திருந்தார்கள். அந்தப் பெருமைதான் விலங்கு என்று கண்ட அம்பேத்கர் 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் அதைத் திருத்த மசோதா கொண்டுவந்தார். பெருமையைக் கொடுத்துக் கூலியைப் பிடுங்குவது சாதியின் பழைய கணக்கு. 'கௌரவ' விரிவுரையாளர் என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு வதன் நினைவுக்கு வருகிறது.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1988இல் கோவாவில் ஒரு பள்ளி ஆசிரியை வேலைநீக்கத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். அ.சுந்தராம்பாள் வழக்கு. தொழில் தகராறு சட்டத்தின்படி ஆசிரியர் 'தொழிலாளி' இல்லை என்று தீர்ப்பு வந்தது. கற்பித்தல் உன்னதமான பணி, அது உடலுழைப்போ எழுத்தர் வேலையோ இல்லை என்பது காரணம். 1996இல் அரியானா வழக்கில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஆசிரியருக்குப் பொருந்தாது என்றார்கள். 2004இல் பணிக்கொடைச் சட்டத்திலும் ஆசிரியர் வரமாட்டார் என்றார்கள். ஆசிரியர்கள் போராடி, நாடாளுமன்றம் 2009இல் சட்டத்தைத் திருத்தி, 1997 முதல் முன்தேதியிட்டு நடைமுறைப்படுத்தியது. தனியார் பள்ளிகள் அதையும் எதிர்த்து வழக்கு நடத்தி, 2022இல்தான் தோற்றன.

1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக டெல்லியில் கட்டட வேலை செய்த தொழிலாளர் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்று சொன்னது. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26க்கு அறிவித்த நாள் கூலி 336 ரூபாய். அது போதாதுதான். ஆனாலும் ஒரு தரை இருக்கிறது. ஆசிரியருக்கு அந்தத் தரையும் இல்லை என்று சொன்னார்கள், காரணம் அவர் உயர்ந்தவராம். உயரத்தில் வைத்துப் பட்டினி போடுவது என்பது இதுதான். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு 'ஊழியர்' என்பதற்கு விரிவான பொருள் தருகிறது. தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் மீது நமக்குக் கடும் விமர்சனம் உண்டு. ஆனால் கற்பித்தலும் அதற்குள் வரும் என்று வாதிட இடமிருக்கிறது. நம் சங்கங்கள் அந்த வாதத்தை எடுக்க வேண்டும்.

இனி, நம் தோழர்கள் பலர் மனதில் இருக்கும் ஒரு கேள்விக்கு வருகிறேன். வெளியில் கேட்கத் தயங்குவார்கள், நான் கேட்டுவிடுகிறேன். தற்காலிக நியமனங்கள் பல, இனச்சுழற்சி பார்க்காமல், தெரிந்தவர், வேண்டியவர் என்று நடந்தவை. அப்படி வந்தவர்களை அப்படியே நிரந்தரம் செய்தால் இடஒதுக்கீடு என்ன ஆவது? வெளியே பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கும் அருந்ததியர் பெண்ணுக்கு, பழங்குடி இளைஞருக்கு வர வேண்டிய இடம் போகாதா?

நியாயமான கேள்வி. சாதி ஒழிப்புப் பேசுகிறவர்கள் இதைத் தாண்டிப் போகக் கூடாது. 2006 ஏப்ரலில் உமாதேவி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னது. அரசு வேலை எல்லோருக்கும் சமவாய்ப்பு, பின்வாசல் வழியாக வந்தவருக்கு நிரந்தரம் கேட்கும் உரிமை இல்லை. ஒப்பளிக்கப்பட்ட பணியிடத்தில் பத்து வருடம் முடித்தவர்களுக்கு மட்டும் ஒருமுறை விலக்கு.

ஆனால் அந்தத் தீர்ப்பை அரசுகள் என்ன செய்தன? பின்வாசலை மூடவில்லை. முன்வாசலைப் பூட்டிவிட்டு, பின்வாசலில் வந்தவரிடம் "நீ பின்வாசலில் வந்தவன்" என்று சொல்லப் பயன்படுத்தின. உதவிப் பேராசிரியர் தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 மார்ச்சில் 4,000 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. ஆகஸ்டில் நடக்க வேண்டிய தேர்வு தள்ளிப் போனது. 2025 அக்டோபரில் மறுபடி அறிவிப்பு வந்தபோது இடங்கள் 2,708. காத்திருந்த நாட்களில் நாற்பதைக் கடந்தவர்கள் இந்த அரங்கில் இருக்கிறீர்கள்.

இடஒதுக்கீடு ஓடுவது நிரந்தரப் பணியிடத்தின் மேல். 100 நிரந்தர இடம் நிரப்பினால் 69 இடம் ஒதுக்கீட்டில் வரும். பட்டியல் சாதியினருக்கு 18, அதில் 3 அருந்ததியருக்கு. பழங்குடியினருக்கு 1. அந்த 100 இடத்தையும் காலியாக வைத்து மதிப்பூதியத்தில் ஆளைப் போட்டால், யாரும் ஒரு சட்டத்தையும் தொடாமலே 69 இடமும் காணாமல் போகும். தற்காலிக நியமனம் நிற்கும் ஒவ்வொரு வருடமும் இடஒதுக்கீடு நிறுத்திவைக்கப்பட்ட வருடம். ஆகவே வெளியே காத்திருக்கும் அந்தப் பெண்ணும், உள்ளே 25,000க்கு உழைக்கும் நீங்களும் எதிரிகள் இல்லை. இருவரையும் ஏமாற்றுவது ஒரே காலி நாற்காலி.

அப்படியானால் நம் கோரிக்கை "எங்களை நிரந்தரம் செய்" என்பதோடு நிற்கக் கூடாது. நான்கு விஷயங்களைச் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஒன்று, கணக்கு. ஒவ்வொரு கல்லூரியிலும் பள்ளியிலும் ஒப்பளித்த இடம் எத்தனை, காலி எத்தனை, எந்தச் சுழற்சி எண், பின்னடைவு இடம் எத்தனை என்று வெளியிட வேண்டும். வருடக்கணக்கில் வகுப்பு நடக்கும் இடத்தில் பணியிடமே உருவாக்கவில்லை என்றால் உருவாக்க வேண்டும்.

இரண்டு, தேர்வு வருடம் தவறாமல் நடக்க வேண்டும். பணி அனுபவத்துக்கு மதிப்பெண் வேண்டும். அந்த மதிப்பெண் அவரவர் இனச்சுழற்சி வரிசைக்குள்ளேயே கணக்கிடப்பட வேண்டும். உங்கள் பத்து வருடம் வீணாகக் கூடாது, அதே நேரம் அடுத்தவரின் ஒதுக்கீட்டு இடத்தையும் தின்னக் கூடாது.

மூன்று, நிரந்தரம் வரும் வரை காலமுறை ஊதியத்தின் அடிப்படைத் தொகை, பன்னிரண்டு மாதத்துக்கு. வைப்பு நிதி வேண்டும். மகப்பேறு விடுப்பு வேண்டும். நிரந்தர அரசு ஊழியருக்கு 2021 முதல் பன்னிரண்டு மாத மகப்பேறு விடுப்பு இருக்கிறது. கௌரவ விரிவுரையாளரின் குழந்தைக்கு மட்டும் தாய் வேண்டாமா? புதிதாக எடுக்கும் தற்காலிக இடத்திலும் இனச்சுழற்சி பார்க்க வேண்டும். 45 நாளோ அதற்கு மேலோ நீடிக்கும் தற்காலிக நியமனத்தில் இடஒதுக்கீடு உண்டு என்று மத்திய அரசின் விதியே சொல்கிறது.

நான்கு, உதவிபெறும் பள்ளிகளில் ஒப்புதலுக்குக் காலவரம்பு. அதற்குள் கோப்பு முடியாவிட்டால் சேர்ந்த நாளிலிருந்து சம்பளம். அரசுப் பணத்தில் சம்பளம் என்றால், நிர்வாகத்தின் சாதிக்காரருக்கு மட்டும் நாற்காலி என்ற வழக்கமும் முடிய வேண்டும்.

இவையெல்லாம் நடக்காத காரியம் இல்லை. 2016இல் ஜக்ஜித் சிங் வழக்கில் தற்காலிக ஊழியருக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஆகஸ்டில், குஜராத் அரசுப் பொறியியல் கல்லூரிகளில் 30,000 ரூபாய்க்கு வேலை செய்த ஒப்பந்த உதவிப் பேராசிரியர்களுக்கு, நிரந்தர உதவிப் பேராசிரியரின் குறைந்தபட்ச ஊதியத்தை நிலுவையோடு தரச் சொன்னது. விழா மேடையில் குருவைப் போற்றிச் சுலோகம் சொன்னால் மட்டும் போதாது என்றும் நீதிபதிகள் இடித்துரைத்தார்கள். குரு என்றதும் ஏகலைவனின் கட்டைவிரல் நினைவுக்கு வரும் நமக்கு அந்தச் சுலோகத்தில் பெருமை இல்லை. ஊதியத்தில் இருக்கிறது.

இன்னொரு தீர்ப்பையும் சொல்ல வேண்டும். 2024 டிசம்பரில் வந்த ஜக்கோ வழக்கு. உமாதேவி தீர்ப்பை நீண்ட கால ஊழியருக்கு எதிரான ஆயுதமாக அரசுகள் பயன்படுத்தக் கூடாது என்று அதில் உச்ச நீதிமன்றம் சொல்லி, பணிநிரந்தரம் தந்தது. இன்று தற்காலிக ஊழியர் வழக்குகளில் திரும்பத் திரும்பக் காட்டப்படும் தீர்ப்பு அது. அதை வென்றவர்கள் யார் தெரியுமா? மத்திய நீர் ஆணைய அலுவலகத்தில் கூட்டிப் பெருக்கியவர்கள், தோட்ட வேலை செய்தவர்கள். முனைவர் பட்டம் வாங்கிய நமக்கு வழி திறந்தது துடைப்பம் பிடித்த கைகள். தொழிலாளி என்று சொல்லிக்கொள்ளக் கூச்சப்படும் நண்பர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

நம் மாவட்டத்திலும் அப்படி ஒரு பாடம் இருக்கிறது. இங்கே ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். தலித் பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகத்தையும், எச் அண்ட் எம் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களையும் ஒப்பந்தத்துக்கு வரவைத்தது. உலகம் முழுக்க அதன் பெயர் 'திண்டுக்கல் ஒப்பந்தம்'. பூட்டுக்கும் பிரியாணிக்கும் பெயர் வாங்கிய ஊருக்கு, தையல் மிஷினில் உட்கார்ந்த பெண்கள் இன்னொரு பெயர் வாங்கிக் கொடுத்தார்கள். அவர்கள் தங்களைக் 'கௌரவத் தையல்காரர்' என்று சொல்லிக்கொள்ளவில்லை. தொழிலாளி என்றார்கள், சங்கம் வைத்தார்கள்.

நாம் என்ன செய்கிறோம்? கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு சங்கம், அதிலும் நெட், செட் முடித்தவர் தனி, முடிக்காதவர் தனி. பகுதி நேர ஆசிரியருக்கு நான்கைந்து சங்கம். ஒப்புதல் வராதவர்கள் நிர்வாகத்துக்குப் பயந்து எந்தச் சங்கத்திலும் இல்லை. வகுப்பெடுக்கும் ஆய்வு மாணவர்கள், அதாவது என்னைப் போன்றவர்கள், நெறியாளருக்குப் பயந்து வாயே திறப்பதில்லை. இந்தப் பிரிவுகளை அரசு போடவில்லை, நாமே போட்டுக்கொண்டோம். படிநிலை வைத்துப் பிரிந்துகொள்வதில் நமக்கு ரொம்பப் பழைய பயிற்சி இருக்கிறது. அதை விட வேண்டும்.

ஊருக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் கல்லூரியில், பள்ளியில் ஒப்பளித்த இடம், காலியிடம், சுழற்சிப் பதிவேடு ஆகிய மூன்றையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய்தான் செலவு. அந்தக் காகிதங்களோடு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். வரும்போது வெளியே வேலைக்குக் காத்திருக்கும் ஒருவரையும் கூட்டி வாருங்கள்.

அன்று அம்மாவுக்கு நான் பதில் சொல்லவில்லை, சிரித்துவிட்டுப் போய்விட்டேன். இப்போது சொல்கிறேன். வேலைக்குத்தான் போனேன் அம்மா. கூலி பாக்கி இருக்கிறது.

ஜெய் பீம்.